ஃபில்டரில் தூசி எப்படி வந்தது?

ஆஸ்பத்திரி வேன் டிரைவருக்கு மெமோ வந்தது. அவன் ஓட்டும் வண்டியின் காற்று வடிகட்டியில் தூசி காணப்பட்டதாகவும், அந்தத் தூசி அங்கே எப்படி வந்தது என்று அவன் எழுத்துமூலம் விளக்க வேண்டும் என்றும், தவறினால் மேற்படி தூசிக்கு அவனே பொறுப்பு என்று கருதப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.

நின்றுகொண்டு ஒரு தடவை படித்தான். உட்கார்ந்து ஒரு தடவை படித்தான். இரண்டு விதத்திலும் ஒரே பொருள்தான் வந்தது. டிப்போ மெக்கானிக்கிடம் எடுத்துப் போனான். மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் இரண்டும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணே, என் ஃபில்டர்ல தூசி இருந்துச்சாம்."

"பின்ன என்ன, பூவா இருக்கும்?" என்றது வண்டியின் அடிவயிறு.

"எப்படி வந்துச்சுன்னு எழுதித் தரணுமாம்."

மெக்கானிக் உருண்டு வெளியே வந்தார். காகிதத்தை வாங்கவில்லை, கையில் கிரீஸ். தலையை மட்டும் சாய்த்துப் படித்தார். "காத்தோட வந்துச்சுன்னு எழுது. வேற எப்படி வரும், பஸ் பிடிச்சா வரும்?"

டிரைவர் அப்படியே எழுதிக் கொடுத்தான். மேற்படி தூசி காற்றுடன் வந்தது என்று பணிவுடன் தெரிவித்துக்கொண்டான். மறுவாரம் இரண்டாவது மெமோ வந்தது. தூசி காற்றுடன் வந்ததாக ஒப்புக்கொள்ளும் நீர், அந்தக் காற்றை ஏன் அனுமதித்தீர்?

மூன்றாவது மெமோ வந்தால் தடம் ரத்து. அதுதான் விதி. டிரைவருக்கு வேலை போகாது. வேறு தடம் கொடுப்பார்கள். ஆனால் இப்போது ஓட்டும் தடத்தில் அப்புறம் வண்டியே ஓடாது.

அந்தத் தடம் கல் மிஷின் சாலை. இரண்டு பக்கமும் மலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைத்ததை மிஷினில் போட்டு ஜல்லியாக்கினார்கள். ஜல்லியாகாத மிச்சம் காற்றில் நின்றது. அங்கே மரங்களுக்குப் பச்சை என்று ஒரு நிறம் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். சாலை முடியும் இடத்தில் குடியிருப்பு. அங்கிருந்து சிறுநீரகம் செத்துப்போனவர்களை ஏற்றிக்கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் ரத்தம் கழுவ விட்டு, திரும்ப ஏற்றிவருவது இந்த வேன் ஒன்றுதான். ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வருவது அவனுடைய அக்கா. ஒரு முறை தவறினால் அவளுக்குக் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு வாங்கும். மூன்று முறை தவறினால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மெமோ அனுப்பியது தூசித் தடுப்பு இயக்ககம். அது தொடங்கப்பட்டது நல்ல காரணத்துக்காகத்தான். அரசு வண்டிகளின் இன்ஜின்கள் தூசியைத் தின்று அற்பாயுசில் செத்துக்கொண்டிருந்தன. தூசி உள்ளே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பிஸ்டன் ரிங் தேய்ந்துவிடும். அப்புறம் வண்டி டீசல் குடிப்பதைவிட அதிகமாக ஆயில் குடிக்கும். அதனால் எல்லா வண்டிக்கும் நல்ல ஏர் ஃபில்டர் போடுவது என்று முடிவெடுத்து, அதைக் கவனிக்க ஓர் இயக்ககமும் வைத்தார்கள்.

முதல் வருஷம் ஃபில்டர் மாட்டினார்கள். இன்ஜின்கள் பிழைத்தன. வருஷ முடிவில் தணிக்கைக்கு வந்தவர்கள் ஃபில்டர்களைக் கழற்றிப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். அத்தனையும் அழுக்கு. அரசு வெள்ளையாகக் கொடுத்த பொருளை டிரைவர்கள் இந்தக் கதிக்கு ஆளாக்கியிருக்கிறார்களே என்று அறிக்கை எழுதினார்கள். அன்றிலிருந்து இயக்ககம் ஃபில்டரைத் தூசியிலிருந்து காப்பாற்றும் வேலையில் இறங்கியது. ஓர் ஆய்வாளரை நியமித்தார்கள். அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஃபில்டரையும் விரலால் தேய்த்துப் பார்ப்பார். கையுறையில் கறை ஒட்டினால் மெமோ. டிரைவர்கள் அவருக்கு வெள்ளைக்கை என்று பேர் வைத்திருந்தார்கள்.

"மத்தவனெல்லாம் எப்படிண்ணே தப்பிக்கிறான்?" என்று டிரைவர் மெக்கானிக்கைக் கேட்டான்.

"கழட்டி வீட்ல வெச்சுட்டு ஓட்டுறான். ஆய்வுக்குப் போறப்ப மாட்டிக்கிறான். ஃபில்டர் பளபளன்னு இருக்கு, பாராட்டுக் கடுதாசி வருது."

"இன்ஜின்?"

மெக்கானிக் முற்றத்தைக் கையால் காட்டினார். போனட் திறந்தபடி வரிசையாக வண்டிகள் நின்றன, பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பவர்கள் மாதிரி. "எல்லாம் வெள்ளை ஃபில்டர் வண்டிதான்" என்றார்.

டிரைவருக்கு அப்படி ஓட்ட மனசு வரவில்லை. இன்ஜின் போனால் முற்றத்தில் நிற்கப்போவது அக்காவின் வண்டி. ஆனால் ஃபில்டரும் அடைத்துப்போயிருந்தது. மெக்கானிக் எத்தனையோ முறை ஏர் அடித்துப் பார்த்துவிட்டார். அதற்கு மேல் அது தாங்காது. புதுசு ஒன்று வேண்டும். நேரில் போய்க் கேட்டால் மனுஷர்கள்தானே, தராமலா போய்விடுவார்கள் என்று இயக்ககத்துக்குக் கிளம்பினான்.

இயக்ககத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வாட்ச்மேன் நீளமான ஒரு பிரஷ் வைத்திருந்தார்.

"கையத் தூக்குங்க. திரும்புங்க. எந்தத் தடம்?"

"கல் மிஷின் ரோடு."

வாட்ச்மேன் பிரஷை மாற்றினார். பெரிய பிரஷ். டிரைவரைத் தலையிலிருந்து கால்வரை பெருக்கித் தள்ளினார். "கோபிச்சுக்காதீங்க. போன மாசம் ஒருத்தர் உங்க பக்கத்துலேர்ந்து வந்து உள்ள தும்மிட்டாரு. மூணு நாள் ஆபீஸ மூடிட்டாங்க."

உள்ளே எல்லா ஜன்னல்களும் சாத்தி, இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தது. குமாஸ்தாக்கள் வேர்வையில் முழுகிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஏசி இருந்தது. ஓடவில்லை. ஓடினால் அதன் ஃபில்டர் அழுக்காகும் என்று உத்தரவு.

துணை இயக்குநர் நல்ல மனுஷர். டிரைவரை உட்காரச் சொல்லாவிட்டாலும் அன்பாகப் பேசினார். அவனைக் கூட்டிப்போய் ஒரு மண்டபத்தைக் காட்டினார். கூரைவரை கண்ணாடி அலமாரிகள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஃபில்டர்கள், பிறந்த குழந்தைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஃபில்டர்களை அவன் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

"எல்லாம் புதுசா சார்?"

"புதுசுதான். நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே புதுசு."

"எனக்கு ஒண்ணு குடுங்க சார்."

"எதுக்கு?"

"வண்டியில மாட்ட."

பெற்ற பெண்ணைப் பாழுங்கிணற்றில் தள்ளச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் துணை இயக்குநர் அவனைப் பார்த்தார். பிறகு நிதானத்துக்கு வந்தார். "தம்பி, நீங்க தெரியாமக் கேக்குறீங்க. இத மாட்டினா என்ன ஆகும்? சொல்லுங்க."

"வண்டி நல்லா ஓடும் சார்."

"தூசி படியும். உங்க ரோட்ல ஒரே மாசத்துல கரி மாதிரி ஆயிடும். எத்தனை வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கோம் தெரியுமா? ஒரு பொட்டுத் தூசி கிடையாது. வேற எந்த நாட்டுலயாவது காட்டச் சொல்லுங்க பாப்போம். இதுல ஒண்ணை வெளியே விட்டா எங்க மொத்தச் சாதனையும் போச்சு."

"இப்ப இருக்கிறது அடைச்சுப்போச்சு சார். மேடு ஏற மாட்டேங்குது."

"அடைச்சிருக்குன்னு ஆய்வகம் சான்று குடுக்கட்டும். அடுத்த நிமிஷம் தர்றேன்."

"கொண்டுவந்திருக்கேன் சார். வாசல்ல வாட்ச்மேன் வாங்கி வெச்சுக்கிட்டாரு."

"சரியாத்தான் பண்ணியிருக்காரு. தூசியோட ஆய்வகத்துக்குள்ள விட முடியாது. நல்லா சுத்தம் பண்ணிக் கொண்டாங்க."

"சுத்தம் பண்ணிட்டா அழுக்கு இருக்காதே சார்."

"அழுக்கு இல்லைன்னா புதுசு எதுக்குத் தம்பி?"

நியாயம் நிலைநாட்டப்பட்ட திருப்தியுடன் துணை இயக்குநர் அலமாரியின் கண்ணாடியைக் கைக்குட்டையால் ஒற்றினார். டிரைவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னான்.

"சார், தூசி ஃபில்டர்ல நிக்கலைன்னா நேரா இன்ஜினுக்குள்ள போயிடுமே சார்."

"போகட்டும். இன்ஜின் நம்ம பொறுப்பு இல்ல. அது இயந்திரப் பிரிவு. பின்னாடி கட்டடம். ஆனா அவங்க இன்ஜின் செத்ததுக்கு அப்புறம்தான் எடுத்துக்குவாங்க."

"அப்ப ஃபில்டர் எதுக்கு சார்?"

"நல்ல கேள்வி." அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "போன வருஷம் இதுக்குன்னே ஒரு குழு போட்டோம். ஆறு கூட்டம் நடந்தது. ஃபில்டர் என்பது தூசியிலிருந்து காக்கப்பட வேண்டிய பொருள்னு அறிக்கை குடுத்திருக்காங்க. அதுல ஒருத்தர் மட்டும் மாத்திச் சொன்னாரு. அவரை இயந்திரப் பிரிவுக்கு அனுப்பிட்டோம்."

டிரைவர் தன் ஃபில்டரை வாசலில் வாங்கிக்கொண்டு திரும்பினான். வாட்ச்மேன் அதை ஒரு குச்சியில் தொங்கவிட்டு நீட்டினார்.

அடுத்த டிரிப்பில் வண்டி மேட்டில் நின்றுவிட்டது. இரண்டாம் கியரில் முனகி, முதல் கியரில் அழுது, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கரும்புகை பூசிவிட்டு அணைந்தது. நடக்க முடிந்தவர்கள் இறங்கி நடந்தார்கள். அவர்களில் ஒரு தையல்காரர் உண்டு. வாய் ஓயாது அவருக்கு. மேட்டில் பாதி ஏறி, இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்கினார்.

"டிரைவரே, ஒரு சந்தேகம். வண்டி நம்மளக் கூட்டிட்டுப் போகுதா, நாம வண்டியக் கூட்டிட்டுப் போறமா?"

அக்கா இறங்கவில்லை. இறங்க முடியாது. ரத்தம் கழுவும் நாளில் கால் இரண்டும் தூண் மாதிரி கனக்கும். ஜன்னலோரமாகச் சாய்ந்து, தம்பி ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"என்னடா சொன்னாங்க அந்த ஆபீஸ்ல?"

சொன்னான். அலமாரி, குழு, குச்சி எல்லாவற்றையும் சொன்னான்.

அக்கா சிரித்தாள். சிரித்தால் மூச்சு இரைத்தது, இருந்தும் சிரித்தாள். "என் ரத்தத்தக் கழுவுற மிஷின்ல ஒரு குழாய் மாட்டுவாங்க, பாத்திருக்கியா? மாட்டுறப்ப வெள்ளை வெளேர்னு இருக்கும். கழட்டுறப்ப செக்கச் செவேல்னு பாக்கவே சகிக்காது. நர்ஸ் ஒரு நாளாவது அதுக்கு மெமோ குடுத்தாளா? உங்க ஆபீஸர் அங்க இருந்தா குழாய் வீணாப் போகுதுன்னு என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பான்."

"சிரிக்காதக்கா. இன்னொரு மெமோ வந்தா தடத்தையே தூக்கிருவாங்க."

"அவங்களுக்கு வெள்ளையா வேணும். வண்டிக்கு அழுக்கானா பரவாயில்ல, வேலை செய்யணும். அவ்ளோதான? ரெண்டு வெச்சுக்க."

"ரெண்டா?"

"கடையில ஒண்ணு வாங்கி மாட்டு. ரோட்டுக்கு அது. ஆபீஸ் குடுத்தது ஆபீஸ்காரனுக்கு."

"வெளிப் பொருள் மாட்டக் கூடாதுக்கா. சட்டம் இருக்கு."

"உங்க சட்டம் இந்த மேடு ஏறுமா? ஏறும்னா சொல்லு, அதுலயே போயிடறேன்."

அவளிடம் பேசி ஜெயித்தவன் அந்தக் குடும்பத்தில் பிறக்கவில்லை. டிரைவர் கடையில் நல்லதாக ஒரு ஃபில்டர் வாங்கினான். மாட்டியதும் வண்டி இருமலை நிறுத்திக்கொண்டது. மேட்டில் தையல்காரர் போன முறை மாதிரி இறங்கத் தயாராகக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி ஏறிவிட்டது. அவர் ஏமாந்த முகத்துடன் கதவை விட்டார்.

ஆபீஸ் ஃபில்டரை அக்கா எடுத்துக்கொண்டாள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணி துவைப்பதுபோலக் கும்மினாள். அது மடித்த காகிதம். கும்முக்குத் தாங்குமா? மடிப்புகளில் அங்கங்கே கிழிந்துவிட்டது. வெயிலில் காயவைத்தாள். காய்ந்தும் பழுப்பாகத்தான் இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்துவந்தாள்.

"வேணாம்க்கா. மாட்டிக்குவோம்."

"நீ போய்க் கையக் கழுவு. இவளை நான் பாத்துக்கறேன்."

மடிப்பு மடிப்பாகப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினாள். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கன்னத்தில் இன்னும் கொஞ்சம் என்று ஓர் ஓரத்தில் ஒற்றினாள். ஃபில்டர் போட்டோ எடுக்கப் போகிறவள் மாதிரி ஆகிவிட்டது.

ஆய்வு நாளன்று இயக்ககத்து கேட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே வண்டியை நிறுத்தி டிரைவர் ஃபில்டரை மாற்றினான். ரோட்டு ஃபில்டரைத் துணிப்பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினான். உள்ளே போய் வரிசையில் நின்றான்.

வெள்ளைக்கை அவனுடைய ஃபில்டரை எடுத்தார். விரலால் தேய்த்தார். கையுறையைப் பார்த்தார். கறை இல்லை. மறுபடி தேய்த்தார். கையுறை முன்பைவிட வெளுத்திருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கண்ணை மூடினார்.

"எந்தத் தடம்?"

"கல் மிஷின் ரோடு சார்."

"கல் மிஷின் ரோட்லயா? எப்படிய்யா இப்படி மெயின்டெயின் பண்ற?"

"எங்க அக்கா பாத்துக்கறாங்க சார்."

குடும்பத்தினரின் ஒத்துழைப்பு மெச்சத்தக்கது என்று வெள்ளைக்கை எழுதினார். பிறகு மேலிடத்துக்குத் தனியாக ஒரு குறிப்பும் அனுப்பினார். மிக மோசமான தடத்தில் ஓடும் வண்டியில், துறையிலேயே மிக வெண்மையான ஃபில்டர். அதில் நறுமணம் வேறு.

மெமோ வரவில்லை. அழைப்பிதழ் வந்தது. தூசியற்ற வாகன விழாவில் முதல் பரிசு ஆஸ்பத்திரி வேனுக்கு. வண்டியைக் கழுவித் துடைத்துக் காலையிலேயே கொண்டுவர வேண்டும்.

"பரிசு குடுத்ததும் வந்துடுவேன்க்கா. மதியம் டிரிப்புக்குக் கண்டிப்பா வந்துடுவேன்" என்றான் டிரைவர். அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு முறை தவறியிருந்தது. மேட்டில் வண்டி நின்ற அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் முறை போய்விட்டது.

"பரிசு என்னவாம்?"

"சொல்லல."

"புது ஃபில்டரா இருந்தா வாங்காத. பொத்திவெக்கச் சொல்லுவாங்க" என்றாள் அக்கா.

விழா இயக்ககத்து முற்றத்தில் நடந்தது. டிரைவர் அன்றும் ஒரு தெரு முன்னாலேயே ஃபில்டரை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தான். தரை முழுக்க விரிப்பு. மேடையில் வெள்ளைத்துணி போர்த்திய மேஜை. மற்ற டிரைவர்கள் நடந்தும் சைக்கிளிலும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய வண்டிகள் ஓடும் நிலையில் இல்லை. ஃபில்டர்களை மட்டும் கையில் கொண்டுவந்திருந்தார்கள், பளிச்சென்று. மெக்கானிக்கும் வந்திருந்தார். அவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, நாற்காலியில் முதலில் பேப்பர் விரித்தார்கள்.

இயக்குநர் தலைமுதல் கால்வரை வெள்ளையில் வந்தார். அந்தப் பதவியில் நெடுங்காலம் இருப்பவர். மைக்கைத் தட்டிப் பார்த்து, தட்டிய விரலையும் பார்த்துக்கொண்டார்.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்ப நம்ம ஃபில்டர்கள் எந்த நிலையில இருந்தது? வாயால சொல்லக் கூசுது. அழுக்கு! ஏன்? வண்டில மாட்டி வெச்சிருந்தாங்க. நான் கேட்டேன், யாருய்யா மாட்டச் சொன்னதுன்னு. ஒருத்தருக்கும் பதில் தெரியல. இன்னைக்கு நிலைமை என்ன? நம்ம கையிருப்புல பெரும்பகுதி உறை பிரிக்காம இருக்கு. நம்ம வண்டிகள்ல முக்காவாசி ரோட்டுக்கே போறதில்ல. ரோட்டுக்குப் போனாத்தான தூசி? சில பேரு கேக்குறாங்க, இன்ஜினெல்லாம் போச்சேன்னு. இன்ஜின் போகும், வரும். ஃபில்டர் ஒருமுறை கறுத்தா கறுத்ததுதான்!"

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. டிரைவரும் தட்டினான். எல்லாரும் தட்டும்போது கை தானாகப் போய்விடுகிறது.

அவனுடைய ஃபில்டரை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இயக்குநர் அதை இரு கைகளாலும் உயர்த்திக் காட்டினார். காட்டும்போது அவருடைய கட்டைவிரல் ஒரு மடிப்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. விரலை ஆட்டிப் பார்த்தார்.

"நல்ல காத்தோட்டம்" என்றார்.

பின்வரிசையில் மெக்கானிக் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"இப்படிப்பட்ட ஒரு ஃபில்டரை மறுபடி அந்தக் கல் மிஷின் ரோட்டுக்கு அனுப்புற பாவத்தை இந்த இயக்ககம் செய்யாது. ஆகவே, முதல் பரிசு." இயக்குநர் கையை நீட்டினார். முற்றத்து மூலையில் ஒரு திரை விலகியது. அங்கே ஒரு கண்ணாடி வீடு இருந்தது. வண்டி நிற்கும் அளவு பெரியது. உள்ளே விளக்கு எரிந்தது. "இந்த வண்டி இன்னைலேர்ந்து இங்கதான் இருக்கும். வருங்காலத் தலைமுறை பாக்கணும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டிரைவருக்குக் காதில் எதுவும் விழவில்லை. மேடையருகே போய் நின்றான்.

"சார், மதியம் டிரிப் இருக்கு சார்."

"இனிமே இதுக்கு டிரிப்பே கிடையாது தம்பி. ஓய்வு. உழைச்ச வண்டி."

"பேஷன்டெல்லாம் காத்திருப்பாங்க சார். எங்க அக்கா இருக்காங்க. ஏற்கெனவே ஒரு தடவை தவறிப்போச்சு."

"அக்காவா? ஃபில்டரைப் பாத்துக்கிட்ட அக்காவா?" இயக்குநர் முகம் மலர்ந்தது. "தாராளமா வரட்டும். பார்வை நேரம் காலைல பத்துலேர்ந்து. அனுமதி இலவசம். கண்ணாடிய மட்டும் தொடக் கூடாது."

இரண்டு பேர் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். ஸ்டார்ட் செய்தால் புகை வரும் என்று தள்ளினார்கள். டிரைவர் பார்த்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் அவன் குரலை உயர்த்தியதில்லை. ஹாரன்கூட யோசித்துத்தான் அடிப்பான். இப்போதும் குரலை உயர்த்தவில்லை. வண்டிக்குக் குறுக்கே போய்க் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியிலிருந்து துணிப்பையை எடுத்தான். ரோட்டு ஃபில்டரை வெளியே எடுத்தான். அது கல்லின் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் அந்தச் சாலை இருந்தது. மேடையேறினான்.

"சார், வண்டி ஓடினது இதாலதான் சார்" என்று சொல்லி, வெள்ளைத்துணி போர்த்திய மேஜையில் அதை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

பத்தாது என்று தோன்றியது. இன்னும் ஒன்று தட்டினான். மூன்றாவதாகத் தட்டியபோது மேடையே தெரியவில்லை.

தூசி மெதுவாக இறங்கியது. இயக்குநரின் சட்டையில் இறங்கியது, தண்ணீர் டம்ளரில் இறங்கியது, வெள்ளைக்கையின் கையுறையில் இறங்கியது. இயக்ககத்தில் பலர் அதை நேரில் பார்ப்பது இதுவே முதல் முறை. "இதுதானா?" என்று ஒரு குமாஸ்தா பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

முதலில் இயக்குநரின் தும்மல் வந்தது. பிறகு அவர் வந்தார்.

"வெளியே! இந்த வண்டிய வெளியே எடுத்துட்டுப் போங்க! இனி எந்தக் காலத்துலயும் இது இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது! எழுது! இப்பவே எழுது!"

துணை இயக்குநர் நின்றபடியே எழுதினார். மேற்படி வாகனம் இயக்கக வளாகத்துக்குள் நுழைவது நிரந்தரமாகத் தடை செய்யப்படுகிறது. இயக்குநர் கையெழுத்துப் போட்டார். தும்மிக்கொண்டே போட்டதில் கையெழுத்து இரண்டு வரிக்கு நீண்டது.

டிரைவர் உத்தரவை வாங்கிக்கொண்டான். வாயில் சனி. "சார், அந்த மூணாவது மெமோ?" என்றான்.

மெக்கானிக் எங்கிருந்தோ வந்து அவன் முழங்கையைக் கிள்ளினார். "வாயப் பொத்திக்கிட்டு வண்டிய எடுடா."

மூன்றாவது மெமோ கொடுக்க ஆய்வு நடக்க வேண்டும். ஆய்வு இயக்கக வளாகத்துக்குள்தான் நடக்கும். இந்த வண்டி அந்த வளாகத்துக்குள் வர முடியாது. இந்தச் சிக்கலைத் துணை இயக்குநர் பிற்பாடு கவனித்தார். குழு போட்டிருக்கிறார்கள்.

மதியம் டிரிப்புக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது நேரம் கொஞ்சம் தப்பியிருந்தது. தையல்காரர் சாலை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு கல்லில் சாய்ந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. டிரைவர் இறங்கிவந்து அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினான். அவள் வழக்கமான சீட்டில் உட்கார்ந்து, மூச்சு சமனானதும் கேட்டாள்.

"பரிசு குடுத்தாங்களா?"

"விரட்டி விட்டாங்கக்கா."

"நல்லதாப் போச்சு. மிதி."

கண்ணாடி வீட்டை வெறுமையாக விட முடியாது அல்லவா? இரண்டாம் பரிசு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதில் இன்ஜினே இல்லை, இயந்திரப் பிரிவு எப்போதோ கழற்றிப் போயிருந்தது. அதனால் அதன் ஃபில்டரில் தூசி படிய வழியே இல்லை என்று வெள்ளைக்கை சான்று கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து காட்டுகிறார்கள்.

விஷயம் டிரைவர்களிடையே பரவியது. ஒவ்வொருவனாக மெக்கானிக்கிடம் இன்ஜினைச் சரிசெய்துகொண்டு, கடை ஃபில்டரை மாட்டி, ரோட்டில் நன்றாக ஓட்டி, அழுக்கானதும் கொண்டுபோய் இயக்ககத்து வாசலில் தட்டிவிட்டு வந்தான். தட்டியவன் வண்டிக்கெல்லாம் நிரந்தரத் தடை உத்தரவு கிடைத்தது. சில நாள் வாசலில் கூட்டம் தாங்காமல் வாட்ச்மேன் வரிசையில் நிற்கச் சொன்னார். டிப்போ முற்றத்தில் மெக்கானிக்குக் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது.

அடுத்த வருஷ முடிவில் இயக்ககம் அறிக்கை வெளியிட்டது. ஆண்டு முழுவதும் ஆய்வுக்கு வந்த எந்த வண்டியிலும் தூசி காணப்படவில்லை. ஆய்வுக்கு எந்த வண்டியும் வரவில்லை என்பது அறிக்கையில் இல்லை, அது கேட்கப்படவும் இல்லை. தூசி முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவித்து இயக்குநருக்குப் பதவி நீட்டிப்பும் கொடுத்தார்கள்.

பேப்பரில் அந்தச் செய்தியை அக்கா வேனில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். இயக்குநரின் போட்டோவும் இருந்தது. வெள்ளை உடுப்பு, கையில் ஒரு கேடயம். எதிரே ஒரு ஜல்லி லாரி வந்தது. அது கடந்துபோனதும் சாலை, மரம், பக்கத்து சீட்டு எதுவும் தெரியவில்லை. தையல்காரர் தும்ம வாயைத் திறந்தார்.

"ஜன்னலச் சாத்துங்க, அதுக்குள்ள தும்மித் தொலைச்சுடாதீங்க" என்றாள் அக்கா. "இல்லாத தூசிக்குத் தும்மினா பொய்த் தும்மல்னு நம்ம மேல கேஸ் போடுவானுங்க."